உனக்குக் காணும், எனக்குக் காணாது

நேற்றுக் கட்டியிருந்த சீலையைத் தோய்க்கவென்று இன்று காலை வாளிக்குள் போடப் போனேன். நெல்லுச் சாக்கு மணம் அடித்தது. புது நெல்லும் சணலும் கலந்து, மூக்கைக் கொஞ்சம் அரிக்கிற அந்த மணம். வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். வயது போன ஒரு பென்சன்காரி விடியக்காலமை சீலையை மணந்துகொண்டு இருப்பதை அயல்சனம் கண்டால் என்ன சொல்லும்? சொல்லட்டும். அது உன் வீட்டு மணம்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். நீ இல்லாத வீட்டுக்கு, உன் பாட்டுச் செட்டைத் தூக்கிக்கொண்டு வரப் போனேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். எனக்கு உன்னில் பொறாமை. இது உனக்குப் புதினமில்லை, நான் ஒளித்ததும் இல்லை. ஆள் செத்துப் போனால் குறையுமாக்கும் என்று பார்த்தேன். குறையவில்லையடி. நேற்றிலிருந்து கூடிப்போய் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னில் பொறாமைப்பட எத்தனையோ இருந்தன. உனக்கு நல்ல மனிசன் வாய்த்தார். எனக்கு ஒருத்தரும் வாய்க்கவில்லை. வந்த சம்பந்தங்களை நானே வேண்டாம் என்றேன், அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை. உனக்கு விசுவமடுவில் வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வயல். எனக்கு மாங்குளத்தில் தபால் கந்தோர் வேலை, முத்திரை குத்திக் குத்தி நொந்த தோள். இதெல்லாம் பரவாயில்லை என்று விட்டேன். என் வயிறு எரிந்தது ஒன்றுக்காகத்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, குசினியைக் கூட்டித் துப்புரவாக்கி, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஹோலுக்கு வருவாய். செட்டைப் போடுவாய். பிரம்புக் கதிரையில் இருப்பாய். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அசைய மாட்டாய். சத்தத்தைக் கூட்டவும் மாட்டாய், குறைக்கவும் மாட்டாய். நிறைஞ்ச முகம் ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பாய். அந்த முகம்தான் என்னைச் சாகடித்தது.

நான் அப்படியா? என் வீட்டில் ஒரு பாட்டை நான் முழுதாக இருந்து கேட்டதில்லை. பல்லவி முடிய முதலே இடது பக்கத்து ஸ்பீக்கர் கொஞ்சம் முன்னுக்கு வரவேணும் போல இருக்கும். எழும்பி நகர்த்துவேன். வந்து இருந்தால் ட்ரெபிள் கூடின மாதிரிக் கிடக்கும். எழும்பித் திருகுவேன். பிறகு கதிரையில்தான் பிழை என்று கதிரையைப் பின்னுக்கு இழுப்பேன். பாடுகிறவன் பாடி முடித்துவிடுவான், நான் நடுஹோலில் நின்றுகொண்டிருப்பேன். பேர் பாட்டுக் கேட்கிறேன் என்று. நான் செய்தது பிழை பிடிக்கிற வேலை. முத்திரை ஒட்டாத கடிதத்தைத் தேடித் தேடிப் பழகின கண் எனக்கு. காதும் அப்படியே ஆகிவிட்டது போல.

இது கறண்ட் வந்த பிறகு தொடங்கின வருத்தமும் இல்லை. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து, நீயும் நானும் ஒரே வளவில் கொட்டில் போட்டு இருந்த காலத்தை நினைத்துப் பார். உன் மனிசனின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொழுவி, றேடியோவைப் பாடவைத்தோம். ஒருத்தி பெடலைக் கையால் சுற்ற வேணும், மற்றவள் கேட்க வேணும். பாட்டுக்கு ஒருத்தி என்று முறை. என் முறை வந்தால் எனக்கு ஒரு கோதாரியும் காதில் விழாது. சுற்று குறைந்தால் றேடியோ முனகும், கூடினால் கத்தும், அதைப் பார்க்கவே எனக்கு நேரம் சரி. நீ சுற்றுகிறபோது உன் வாய் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

"சுத்தேக்க உனக்குக் கேக்குதோடி?" என்றேன் ஒருநாள்.

"ஏன் கேக்காது? வடிவாக் கேக்குது."

அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே றேடியோ, ஒரே பாட்டு. உனக்கு மட்டும் எப்படி வடிவாகக் கேட்கும்?

திரும்பி வந்து, வீடு கட்டி, ரோட்டுக்கரையில் கறண்ட் தூணும் நட்ட பிறகு, நீ வவுனியாவுக்குச் செட் வாங்கப் போனாய். பழைய யப்பான் சாமான் விற்கிற கடை. நானும் கூட வந்தேன். கடைக்காரரை நான் கேள்வி கேட்டே சாகடித்துக்கொண்டிருந்தேன், இது எத்தனை வாட்ஸ், அது எப்படி இழுக்கும் என்று. நீ ஒரு அம்பிளிபயரையும் ஒரு சோடி ஸ்பீக்கரையும் காட்டி, "இதைப் போடுங்கோ பாப்பம்" என்றாய். போட்டார். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கத்தான் கேட்பார்கள். நீ குறைக்கச் சொன்னாய்.

"இன்னும் குறைச்சுப் போடுங்கோ. இன்னும் கொஞ்சம். ஓம், மெல்லமாப் போட்டாலும் இரையாமல் கேக்குது. காணும், கட்டித் தாங்கோ."

"எடியே, மற்றதுகளையும் ஒருக்காக் கேட்டுப் பாக்கிறதுக்கு என்ன?"

"எனக்கு இது காணுமடி."

அவ்வளவுதான். பஸ் ஏறினோம். அன்றிலிருந்து நீ கண்ணை மூடுகிற வரைக்கும் அதே அம்பிளிபயர், அதே ஸ்பீக்கர், அதே சிவத்த வயர். யாராவது புதுச் சாமானைப் பற்றிக் கதை எடுத்தால் "எனக்குக் காணும்" என்று எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவாய். போதும் என்கிற அந்தக் 'காணும்' என்ற சொல்லை நீ வாய் நிறையச் சொல்வாய். எனக்கு அந்தச் சொல் தொண்டையிலேயே வராது.

உன் செட் வீட்டுக்கு வந்த கையோடு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கனடாவில் இருக்கிற என் தம்பிக்கு ரெலிபோன் எடுத்தேன். அவன் பாவம், அக்கா வாழ்க்கையில் முதல்தரம் ஒன்று கேட்கிறா என்று, தான் பாவித்த நல்ல அம்பிளிபயர் ஒன்றைக் கப்பலில் போட்டு அனுப்பினான். பெட்டி வந்த அன்று உன்னையும் உன் மனிசனையும் கூப்பிட்டேன். நீ வந்து வெறுமனே இருப்பாயா? உழவு மெசினோ, தையல் மெசினோ, தண்ணீர்ப் பம்போ, எது வீட்டுக்கு வந்தாலும் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டாமல் நீ ஓட விடமாட்டாய். என் அம்பிளிபயருக்கும் முன்பக்கத்தில் பெரிதாய்ச் சந்தனம் வைத்தாய். அதற்கு நடுவில் குங்குமம். தேங்காய் உடைத்தாய். கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டிக்கொண்டே, "இப்பப் போடு" என்றாய்.

போட்டேன். புகை வந்தது. நாங்கள் மூன்று பேரும் கைகூப்பிக்கொண்டு நிற்கிறோம்.

"நல்ல கற்பூரம். எங்க வாங்கின்னியள்?" என்கிறார் உன் மனிசன்.

கற்பூரம் நூர்ந்துவிட்டது. புகை மட்டும் நிற்கவில்லை. வயர் எரிகிற நாற்றம் மூக்கில் அடித்த பிறகுதான் விளங்கி, ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். கனடாக் கறண்ட் எங்களுடைய கறண்டில் பாதிதானாம். இடையில் ஒரு ட்ரான்ஸ்போமர் வைத்துக் குறைத்துக் கொடுக்கவேணுமாம். அதைத் தம்பி சொல்ல மறந்தான், எனக்குத் தெரியாது. நீ நிலத்தில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"பூசையும் செய்து தகனமும் செய்தாச்சடி! இனி எட்டுச் செலவுதான் மிச்சம்."

நான் சிரிக்கவில்லை. உன் செட் உன் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது, என்னுடையது பொட்டோடும் பூவோடும் செத்துக் கிடக்கிறது. சிரிப்பு வருமா எனக்கு?

அதோடு விட்டேனா என்றால் விடவில்லை. ட்ரான்ஸ்போமரோடு இன்னொன்று வந்தது. கொழும்பிலிருந்து ஸ்பீக்கர் வந்தது. அது சரியில்லை என்று வேறு வந்தது. விரல் தடிப்பில் வயர் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் உனக்குச் சொல்லி அனுப்புவேன். நீ பரந்தனில் பஸ் மாறி, முருங்கையிலையோ முட்டையோ ஒரு பையோடு வந்து இறங்குவாய். கதிரையில் இருந்து கேட்பாய். நான் பாட்டைக் கேட்க மாட்டேன், உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சொட்டுப் பொறாமை, ஒரு சின்ன ஏக்கம், "இப்பிடி ஒண்டு என்னட்ட இல்லையே" என்று ஒரு நினைப்பு, ஏதாவது தெரியுமா என்று. ஒருநாளும் தெரிந்ததில்லை.

"நல்லாயிருக்கடி. நல்ல வடிவாயிருக்கு" என்பாய். மனதாரத்தான் சொல்வாய், அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. பொய் சொல்லியிருந்தாலாவது கண்டுபிடித்து ஆறியிருப்பேன். பாட்டு முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்ப்பாய். "மத்தியானத்துக்கு முதல் போகவேணும், அவர் வயலால வந்திடுவார்." என்னத்தை இவ்வளவு அவசரம் என்று நான் வாய்க்குள் பேசிக்கொண்டு உன்னைப் பஸ் ஏற்றுவேன்.

பிறகு நான் உன் வீட்டுக்கு வருவேன், என் காது சரியா என்று பார்க்க. வந்தால் தெரியும், உன் செட் என்னுடையதை விட நன்றாகத்தான் பாடுகிறது. குரல் கிட்ட வந்து நின்று பாடுகிற மாதிரி. தவில் அடிக்கு அதிர்வே இல்லை, அடி மட்டும் வந்து விழும். எனக்கு விசர் பிடித்தது. உன்னிடம் இருக்கிற அதே அம்பிளிபயர், அதே ஸ்பீக்கர் என்று வவுனியாவில் தேடித் தேடி வாங்கினேன். வீட்டில் கொண்டுவந்து வைத்துப் போட்டால் குளியலறைக்குள் பாடுகிற மாதிரிக் கிடக்கிறது. அடுத்த பஸ்ஸில் விசுவமடுவுக்கு வந்தேன். வாசலிலேயே பிடித்தேன் உன்னை.

"உண்மையைச் சொல்லு. இதுக்குள்ள என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறாய்?"

"விசரே உனக்கு? அதின்ர மூடியே நான் திறந்ததில்லை. மெல்லமாக் கதை, அவர் படுத்திருக்கிறார்."

உன் மனிசன் எப்போது பார்த்தாலும் பக்கத்துக் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. சிறுபோகம் பெரும்போகம் இரண்டிலும் இரவு முழுக்க வயலில் யானைக்காவல், பன்றிக்காவல். பகலில் செட்டுப் பாடத் தொடங்கினால் தலை சரிந்துவிடும். அதைப் பார்க்க எனக்கு எரியும். இவ்வளவு நல்ல சத்தம் ஒரு குறட்டைக்குப் போகிறதே என்று. "அண்ணைக்கு இது வீண்" என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ சிரிப்பாய். "பேஸ் கொஞ்சம் கூட்டினால் என்ன, காணுமோ உனக்கு?" என்று கேட்பேன். அவர் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பார்த்துவிட்டு, "காணும்" என்பாய். அந்தத் திரும்பிப் பார்க்கிற பார்வையை நான் கண்டுகொண்டும் காணாமல் இருந்திருக்கிறேன்.

ரகசியத்தை நானே கண்டுபிடித்தேன் என்று ஒருகாலம் நினைத்தேன். ஒரு தரம் வந்தபோது உன் ஹோல் வெறுமையாய்க் கிடந்தது. விலை ஏறட்டும் என்று சுவரோடு கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்த நெல்லு மூடைகளை முதல்நாள்தான் லொறி வந்து ஏற்றிப் போயிருந்தது. நீ செட்டைப் போட்டாய். கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி இருந்தது! எனக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேணும் நீ. அம்பிளிபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இல்லை, மூடையில் இருக்கிறது வித்தை. சணல் சாக்கும் நெல்லும் சுவரில் மோதித் திரும்புகிற சத்தத்தைக் குடித்துவிடுகின்றன.

"எடியே, உன்ர செட்டும் இப்ப என்ர மாதிரித்தான் கத்துது!"

"ஓமடி, நெல்லு வித்தா இப்பிடித்தான் இரையும். பிறகு காது பழகீடும்."

உனக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டுதான் வருசத்தில் பாதி நாள் அந்த இரைச்சலுக்குள் அதே நிறைஞ்ச முகத்தோடு இருந்திருக்கிறாய். என் சந்தோசம் அப்படியே வடிந்துவிட்டது. நல்ல சத்தம் கேட்டு நீ திருப்திப்பட்டால் அதில் பொறாமைப்பட ஒரு நியாயம் இருக்கிறது. கெட்ட சத்தத்திலும் திருப்திப்படுகிறவளை நான் எதை வாங்கி வெல்வது?

ஆனாலும் அடங்கினேனா? அடுத்த அறுவடைக்கு உன்னிடம் மூடை கேட்டேன். வயலே இல்லாத ஒருத்தி ஹோல் நிறைய நெல்லு அடுக்கி வைத்திருக்கிறாள் என்று மாங்குளத்தில் சனம் கதைத்தது, பதுக்கி விற்கப் போகிறாளோ என்று. கதைத்துவிட்டுப் போகட்டும். செட்டைப் போட்டேன். வந்தது! அதே கிட்ட வந்து நிற்கிற குரல். கொஞ்சநாள் நான் மனிசியாய் இருந்தேன். பிறகு எலி வந்தது. நெல்லுக்கு வந்த எலி நெல்லோடு நிற்கவில்லை, ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பையும் அரித்துத் தின்றுவிட்டது. உன் வீட்டில் இரண்டு பூனை. என் வீட்டில் பூனை இல்லை. இதைச் சொல்ல உனக்கு ரெலிபோன் எடுத்தால், அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. லைன் அறுந்ததாக்கும் என்று பார்த்தேன். நீ சிரிக்கிறாய், மூச்சு விட முடியாமல் சிரிக்கிறாய்.

"பாட்டு அவ்வளவு ருசியோடி எலிக்கு?"

அந்தச் சிரிப்புக்கே நான் மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்க ஆள் இல்லை.

உனக்கு வருத்தம் வந்ததும், அது சுகமாகாது என்று டொக்டர் சொன்னதும், எல்லாம் கெதியாக நடந்தது. கடைசியாய்ப் பார்க்க வந்தபோதும் செட் மெல்லமாய்ப் பாடிக்கொண்டிருந்தது. நீ படுக்கையில் இருந்தாய், அவர் கதிரையில். உன் திவசம் முடிந்து கொஞ்சநாளில் உன் மகள் ரெலிபோன் எடுத்தாள்.

"அன்ரி, செட்டை உங்களிட்டக் குடுக்கச் சொல்லி அம்மா சொன்னவா. 'அவளுக்குத்தான் அதில கண்' எண்டு சொல்லிச் சிரிச்சவா. அப்பாவும் கொண்டுபோகச் சொல்லுறார். ஒருக்கா வாங்கோ."

எனக்கு அழுகையும் வந்தது. அதோடு, மறைக்கமாட்டேன், சந்தோசமும் வந்தது. கடைசியில் அது என் வீட்டுக்கு வருகிறது. வவுனியாவில் நீ வாங்கிய அதே பெட்டி, உன் கை பட்ட அதே திருகி. அதுதான் என்னைக் கதிரையில் இருத்தும் என்று நினைத்தேன். உன் முகம் போல ஒரு முகம் எனக்கும் வாய்க்கும் என்று நினைத்தேன். அயலில் ஓட்டோ வைத்திருக்கிறவரைப் பிடித்து, செட்டைச் சுற்றிக் கொண்டுவரப் பழைய மெத்தை விரிப்பு இரண்டையும் ஏற்றிக்கொண்டு நேற்று வந்தேன்.

உன் வீட்டில் மகள் சமைத்திருந்தாள். ஹோலில் புது நெல்லு அடுக்கியிருந்தது. உன் மனிசனைப் பார்க்க ஏலாமல் இருந்தது. கண் இரண்டும் சிவந்து, கழுத்து எலும்பு தெரிந்தது. சாப்பாடு முடிந்ததும், "கழட்டுங்கோ தங்கச்சி. அவா போனாப்பிறகு இதை ஒருத்தரும் தொடேல்லை" என்றார்.

"ஒருக்காப் போட்டுப் பாத்திட்டுக் கழட்டுவம் அண்ணை."

எனக்குச் சாமானைச் சோதிக்காமல் எடுத்துப் பழக்கமில்லை. சீடி பிளேயருக்குள் ஒரு சீடி கிடந்தது. நீ கடைசியாய்ப் போட்டதாக இருக்கும். உன் கதிரையில் இருந்தேன். அவர் தன் கதிரையில் இருந்தார். முதல் பாட்டுத் தொடங்கின உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வலது ஸ்பீக்கர் பிழையாய் நிற்கிறது. திவசத்துக்கு வீடு கழுவினபோது யாரோ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டு விரலால் தட்டிவிட்டால் சரி. எழும்பினேன். முழுக்க எழும்பவில்லை, பிரம்புக் கதிரை கிறீச் என்றது. பக்கத்தில் உன் மனிசன் அசைந்தார். திரும்பிப் பார்த்தேன். நித்திரை.

குசினி வாசலில் உன் மகள் நின்றாள். என்னைப் பார்த்து, எழும்பவேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதிரை கத்தாமல், மெல்ல மெல்லத் திரும்ப இருந்தேன்.

அப்படி இருந்தேனடி. ஸ்பீக்கர் கோணலாய்ப் பாடியது, நான் இருந்தேன். ரோட்டில் ட்ரக்டர் போனது, பாட்டு அதை மூடிக்கொண்டது, அவர் அசையவில்லை. முதல் இரண்டு பாட்டுக்கும் என் கை அரித்தது. பிறகு எந்த இடத்தில் என்று தெரியாது, ஸ்பீக்கரை மறந்துபோனேன். பாடுகிறவர் ஒரு சொல்லுக்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்டது. பின்னால் ஒரு புல்லாங்குழல் தனியாய்ப் போய்க்கொண்டிருப்பது கேட்டது. இத்தனை வருசத்தில் எத்தனையோ தரம் போட்ட பாட்டு, அந்தக் குழலை நான் கேட்டதே இல்லை. சீடி முழுக்கக் கேட்டேன். முடிந்து சத்தம் நின்றதும் உன் மனிசன் கண்ணை விழித்தார்.

"நிப்பாட்டிப் போட்டாயே?" என்றார். என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

மகள் கிட்ட வந்து இரகசியமாய்ச் சொன்னாள். "அம்மா போனாப்பிறகு அப்பா பகலில கண் மூடினதே இல்லை அன்ரி. இரவு வயல், பகல் முற்றத்தில நடை. ரோட்டுச் சத்தம் அவருக்குக் கேக்கக்கூடாது, அவர் படுக்கவேணும் எண்டுதானே அம்மா இந்தச் செட்டை வாங்கினவா. உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. கடையில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னபோதும் தெரியாது. மத்தியானத்துக்கு முதல் போகவேணும் என்று பஸ்ஸுக்கு ஓடினபோதும் தெரியாது. மூடை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இரைந்தால் என்ன, அவர் நித்திரை கொண்டால் உனக்குக் காணும். அதைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாய். நீ எழும்பாமல் இருந்தது பாட்டில் பிழை இல்லாததால் இல்லை. எழும்பினால் அவர் எழும்பிவிடுவார். கள்ளி! இதை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், அதுவும் தெரியாது. பகிடி பண்ணியிருப்பேன்.

நான் செட்டைக் கழற்றவில்லை. வலது ஸ்பீக்கரையும் திருப்பவில்லை. "பிறகு எடுக்கிறன் பிள்ளை, இப்ப இது இஞ்ச நிக்கட்டும். மத்தியானத்தில போட்டுவிட்டு நீ அந்தக் கதிரையில இரு" என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, வெறும் மெத்தை விரிப்போடு ஓட்டோவில் ஏறினேன். ஓட்டோக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சாமான் எங்க அக்கா?" என்று பரந்தன் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

கந்தோரில் பிழையான விலாசத்தோடு வந்து, எங்கும் கொடுக்க முடியாமல் அலைகிற கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். என் பொறாமையும் இவ்வளவு காலம் அப்படித்தான் அலைந்திருக்கிறது, அம்பிளிபயருக்கு, ஸ்பீக்கருக்கு, உன் நெல்லு மூடைக்கு என்று. நேற்றுத்தான் சரியான விலாசம் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இனி நீ இல்லை. நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று சீலையைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, என் செட்டைப் போட்டேன். நேற்றுக் கேட்ட அந்த மாதிரி இருந்து கேட்போம் என்றுதான் இருந்தேன். உன்னுடையதை விடத் திறமான செட், எலிக்குப் பிறகு வாங்கின ஸ்பீக்கர் இரண்டும் நேராய் நிற்கின்றன. ஆனாலும் பல்லவி முடிய முதலே எழும்பிவிட்டேன். எத்தனை தரமும் எழும்பலாம். கதிரை கத்தலாம், சத்தத்தைக் கூட்டலாம், கோப்பையைக் கீழே போட்டு உடைக்கலாம். இந்த வீட்டில் நித்திரை குழம்பி எழும்ப ஒருத்தரும் இல்லையடி.